டிஸ்க் பிரேக்கில் ஏர் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருடத்துக்கு மேலாக என் பைக்குக்கும் நண்பர்களின் பைக்குகளுக்கும் வீட்டு வாசலிலேயே பிரேக் வேலை பார்த்து வருகிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், ஆரம்பத்தில் எனக்கே விடை தெரியாமல் தடுமாறியவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஏர் எடுப்பது என்றால் என்ன?

லீவரை அழுத்தினால் ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் ஓஸ் என்ற குழாய் வழியாக இறங்கி, சக்கரத்தருகே டிஸ்க்கின் மேல் பொருந்தியிருக்கும் காலிப்பரின் பிஸ்டனைத் தள்ளும். அதிலிருக்கும் பேட் இரண்டும் டிஸ்க்கைக் கவ்வும். திரவத்தைச் சுருக்க முடியாது என்பதால்தான் கையின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. காற்றோ சுருங்கும். லீவரின் முழு இழுப்பில் நகர்கிற ஆயிலே ஒன்றிரண்டு மில்லிதான். அதனால் ஒரு பட்டாணி அளவு காற்று உள்ளே மாட்டியிருந்தாலும், இழுப்பில் ஒரு பகுதி அந்தக் காற்றைச் சுருக்குவதற்கே வீணாகிவிடும். அந்தக் காற்றை நிப்பிள் (காலிப்பரில் திறந்து மூடும் துளையுள்ள சின்ன போல்ட்) வழியாக வெளியே தள்ளி, அந்த இடத்தில் புது ஆயிலை நிரப்புவதைத்தான் ஏர் எடுப்பது, ப்ளீடிங் என்கிறோம்.

லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. காற்று ஏறிவிட்டதா?

பெரும்பாலும் ஆம். ஆனால் எப்போதும் அல்ல. காற்று என்று நினைத்து மூன்று நாள் ஏர் எடுத்துவிட்டு, கடைசியில் கோளாறு வேறிடத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் பலர். ஸ்பேனரைத் தொடும் முன் ஐந்து நிமிடம் லீவரோடு செலவழியுங்கள்.

நாலைந்து தடவை வேகமாகப் பம்ப் செய்யுங்கள். லீவர் கெட்டியாகி, கொஞ்ச நேரம் விட்டு அழுத்தினால் மறுபடி மெத்தென்று ஆகிறதா? அது காற்று. ஒரே சீராக அழுத்திப் பிடித்திருக்கும்போது லீவர் மெல்ல மெல்ல நகர்ந்து கைப்பிடி வரை வந்துவிடுகிறதா? எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. எவ்வளவு ஏர் எடுத்தாலும் அது சரியாகாது, ரப்பர் கிட் மாற்றத்தான் வேண்டும். காலையில் நன்றாக இருந்து மலைப்பாதையில் இறங்கும்போது மட்டும் தளர்கிறது என்றால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொன்று மெக்கானிக்குகளையே ஏமாற்றும். ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பர், இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர வேண்டும். அந்தப் பின் காய்ந்தோ துருப்பிடித்தோ இறுகிவிட்டால் காலிப்பர் நகராது, அதற்குப் பதில் டிஸ்க் வளையும். கைக்கு அது அச்சு அசலாகக் காற்று ஏறிய லீவர் போலவே இருக்கும். காலிப்பரைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். நகரவில்லை என்றால் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போடுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் அங்கிருக்கும் ரப்பர் உப்பிவிடும்.

பழைய ரப்பர் ஓஸும் இதையே செய்யும். ஒருவர் லீவரை அழுத்தும்போது ஓஸை விரல்களுக்குள் பிடித்துப் பாருங்கள். அது புடைப்பது விரலில் தெரிந்தால் ஓஸை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

மூடிய அமைப்புக்குள் காற்று எப்படி வருகிறது?

ஓஸையோ காலிப்பரையோ கழற்றியிருப்பார்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலிருக்கும் ஆயில் கப்பில் ஆயில் தீர்ந்து அடித்துளை வெளியே தெரிந்திருக்கும். வண்டி விழுந்து தலைகீழாகக் கிடந்திருக்கும். ஓஸ் மூட்டில் ஏற்கெனவே நசுங்கிய பழைய செம்பு வாஷரையே திருப்பிப் போட்டிருப்பார்கள். அந்த வாஷர் இறுக்கும்போது நசுங்கித்தான் அடைப்பைத் தருகிறது. ஆகவே ஒவ்வொரு முறை அந்த போல்ட்டைக் கழற்றும்போதும் இரண்டு வாஷரும் புதிதாகப் போட வேண்டும். சில ரூபாய்ச் சாமான்தான். பழையதையே திருப்பிப் போடும் பட்டறையில் நான் வண்டியை விடுவதில்லை.

ஒழுகலே இல்லை, கப் நிறைய ஆயில் இருக்கிறது. ஏன் மாற்ற வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

இன்ஜின் ஆயிலை மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மறக்காமல் மாற்றுகிறோம். பிரேக் ஆயிலை வண்டி வாங்கியதிலிருந்து விற்கும்வரை மாற்றாதவர்கள் எத்தனையோ பேர். நம் வண்டிகளில் ஊற்றும் பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. மூடி இறுக்கமாக இருந்தாலும், ரப்பர் ஓஸின் சுவர் வழியாகவே காற்றிலிருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேரும். அளவு குறையாது, ஒழுகாது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

பிரேக் ஆயிலின் தரத்தை டாட் 3, டாட் 4 என்று எண்ணால் குறிப்பார்கள். டாட் 4 வகைக்கு விதிக்கப்பட்ட கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அது 155 டிகிரியாக இருந்தால் போதும் என்கிறது விதி. மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் காலிப்பருக்குள் இருக்கும் ஆயில் அந்தச் சூட்டை எட்டிவிடும். கொதித்தால் ஆவி. ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும்.

இதை நான் கொல்லிமலையில் கற்றேன். காரவள்ளிக்கு இறங்கும் அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, பின்னால் நண்பன், பெரிய பை. கியரை இறக்காமல் வலது காலைப் பின் பிரேக்கில் வைத்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி தூரத்தில் ஒரு வளைவுக்கு முன் மிதித்தேன், பெடல் ஓர் எதிர்ப்பும் இல்லாமல் அடிவரை போனது. கால் காற்றில் மிதிப்பது போல இருந்தது. முன் பிரேக் இருந்ததால் பிழைத்தோம். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டிஸ்க் ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாக நின்றது! காற்று ஏறியிருந்தால் ஆறினாலும் அது சரியாகியிருக்காது. உள்ளே கொதித்த ஆவி மறுபடி திரவமானதுதான் காரணம்.

ஊருக்கு வந்து நிப்பிளைத் திறந்தபோது டிக்காஷன் நிறத்தில் வந்தது. அடியில் கறுப்புப் பொடி. கிளம்பும் முன் ஒரு பட்டறையில் காட்டியிருந்தேன். "ஆயில் ஃபுல்லா இருக்கு, ஒண்ணும் பண்ண வேணாம் தம்பி" என்றார்கள். கப்பில் அளவு மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும். புது ஆயில் தெளிவாக இருக்கும், அல்லது இளமஞ்சளாக. டீ நிறத்துக்கு வந்துவிட்டால் தேதியைப் பார்க்காதீர்கள்.

டாட் 3, டாட் 4, டாட் 5, டாட் 5.1: எதை ஊற்றுவது?

கப்பின் மூடியில் எழுதியிருப்பதை. நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் டாட் 4. 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட ஒரே குடும்பம், ஒன்றோடொன்று கலந்தாலும் கேடில்லை. டாட் 4 கேட்கும் வண்டிக்கு 5.1 ஊற்றலாம், அதன் கொதிநிலை 260 டிகிரி. டாட் 3 ஊற்றக் கூடாது. அது 205 டிகிரிக்காரன், ஈரம் சேர்ந்தால் 140.

டாட் 5 மட்டும் வேறு சாதி. அது சிலிக்கான். மற்றவற்றோடு கலக்காது. பெயரில் 5, 5.1 என்று ஒரு புள்ளி வித்தியாசம்தான், கடையில் அவசரமாக வாங்கும்போது நின்று படியுங்கள்.

சீல் பிரிக்காத சிறிய பாட்டிலாக வாங்குங்கள். ஒரு பிரேக்குக்கு 100 மில்லி போதும். போன வருடம் திறந்து பரணில் வைத்த பாட்டில் தன் பங்குக்கு ஈரத்தைக் குடித்திருக்கும்.

என்னென்ன சாமான் வேண்டும்?

நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், பெரும்பாலும் 8, சிலவற்றில் 10. இரண்டு பக்கமும் திறந்த ஸ்பேனரைப் போட்டால் நிப்பிளின் முனை மழுங்கிவிடும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கண்ணாடி போன்ற ட்யூப் ஒரு முழம், மூடியில் ஓட்டை போட்ட சின்ன பாட்டில், நல்ல ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவர், ஒரு சிரிஞ்ச், பழந்துணி, ஒரு வாளி தண்ணீர். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறித்தால் நிறைய தண்ணீரால் உடனே கழுவ வேண்டும்.

தண்ணீர் வாளி பெயிண்டுக்காகவும்தான். பிரேக் ஆயில் பெட்ரோல் டேங்க்கின் பெயிண்டை உரித்துவிடும். டேங்க்கையும் மட்கார்டையும் ஈரத்துணியால் மூடிவிட்டு ஆரம்பியுங்கள். சொட்டு விழுந்தால் துடைத்து இழுக்க வேண்டாம், தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், அது தண்ணீரில் கரையும்.

முன் பிரேக்கில் ஏர் எடுப்பது எப்படி?

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கப் நிமிர்ந்து மட்டமாக இருக்கும்படி ஹேண்டிலைத் திருப்பி வையுங்கள். மூடியைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும், ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால்கூடத் தொல்லை. மூடியின் ஸ்க்ரூ மென்மையான உலோகம். ட்ரைவரை வைத்து அதன் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் தலை வழுக்காமல் கழலும்.

கப்பில் இருக்கும் பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள், அடித்துளை தெரியும் வரை போகாதீர்கள். புது ஆயிலை நிரப்புங்கள். இப்போது நிப்பிளுக்குப் போகாமல், லீவரை ஒரு சென்டிமீட்டர் மட்டும் மெதுவாக இழுத்து விடுங்கள், பத்துப் பதினைந்து தடவை. கப்பின் அடியில் ஊசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். அங்கிருந்து கடுகு கடுகாகக் குமிழி மேலே வரும். மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் காற்று அது. அதைக் கீழே அத்தனை தூரம் தள்ளிக்கொண்டு போவதைவிட இங்கேயே விடுவது சுலபம்.

பிறகு காலிப்பருக்கு வாருங்கள். நிப்பிளின் ரப்பர் தொப்பியைக் கழற்றி, முதலில் ரிங் ஸ்பேனர், அதன்மேல் ட்யூப். வரிசை மாறினால் ஸ்பேனரைப் போட முடியாது. ட்யூப் முதலில் மேல்நோக்கி வளைந்து, பிறகு பாட்டிலுக்குள் இறங்கட்டும். அதன் முனை பாட்டிலில் ஊற்றிய கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

இனி நான்கே சொல்: அழுத்து, திற, மூடு, விடு.

லீவரை மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ட்யூப்பில் ஆயில் பாயும், லீவர் கைப்பிடியை நோக்கிப் போகும். லீவர் முழுவதும் போய்ச் சேரும் முன் நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகே லீவரை விடுங்கள். மூடாமல் விட்டால் வெளியே போன காற்று அதே வழியில் திரும்பி உள்ளே போகும். எத்தனை பாட்டில் ஊற்றியும் லீவர் எழவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தவறியிருப்பார்கள். இரண்டு பேர் செய்கிறீர்கள் என்றால் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். என் மகள் லீவரைப் பிடிப்பாள். நான் "மூடியாச்சு" என்று சொல்லும்வரை அவள் விரலை எடுக்க மாட்டாள்.

பழைய வண்டி என்றால் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சின்ன மரத்துண்டை வையுங்கள். அன்றாடம் ஓட்டும்போது பிஸ்டன் போகாத பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது லீவரை அடிவரை இழுத்தால், நன்றாக இருந்த ரப்பர் அந்தச் சொரசொரப்பில் கிழிந்துவிடும்.

முதலில் சோடா நுரை போல வரும், பிறகு தனித்தனிக் குமிழி, பிறகு பழுப்பு ஆயில், கடைசியில் தெளிந்த ஆயில். ஐந்தாறு அழுத்தலுக்கு ஒருமுறை கப்பைப் பாருங்கள். கப் காலியானால் மேலிருந்து காற்று ஏறி, செய்த வேலை எல்லாம் வீண். குமிழி நின்று நிறமும் தெளிந்த பிறகு நிப்பிளை இறுக்குங்கள். அது நடுவில் துளை உள்ள சின்ன போல்ட், சுமார் 6 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது மணிக்கட்டின் பலம். தோளின் பலத்தைப் போட்டால் ஒடிந்துவிடும்.

ஓஸ் மாற்றினேன். எவ்வளவு பம்ப் செய்தும் லீவரில் பிடிப்பே வரவில்லை.

உள்ளே முழுக்கக் காற்று. மேலிருந்து தள்ளும் ஒன்றிரண்டு மில்லி ஆயிலுக்கு அதைக் கீழே இறக்கும் பலம் இல்லை, காற்றோ எப்போதும் மேலே ஏறப் பார்க்கும். அதன் போக்கிலேயே விடுங்கள். மெடிக்கலில் ஒரு பெரிய சிரிஞ்ச் வாங்கி, புது ஆயிலை நிரப்பி, சிரிஞ்சிலும் ட்யூப்பிலும் குமிழி இல்லாமல் செய்து, நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெதுவாக ஏற்றுங்கள். காற்று கப் வழியாக வெளியேறும். கப் நிரம்பி வழியாமல் ஒருவர் மேலே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு வழக்கமான முறையில் நாலைந்து தடவை எடுத்தால் முடிந்தது. பழைய அழுக்கு ஆயில் உள்ளே இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள், காலிப்பரின் கசடு மாஸ்டர் சிலிண்டருக்கு ஏறிவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரில் ஓஸ் சேரும் போல்ட்டில் பாருங்கள். பல வண்டிகளில் அதுதான் மேடான இடம், காற்று அங்கே தங்கிவிடும். துணியைச் சுற்றி, லீவரை அழுத்தியபடி அந்த போல்ட்டைத் துளி தளர்த்தி, "புஸ்" என்று வந்ததும் இறுக்குங்கள்.

உறிஞ்சும் பம்ப் வாங்கினேன். குமிழி நிற்கவே இல்லை.

நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்படுகிறது. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் குமிழிதான். பம்ப்பை வைத்துவிட்டு, கடைசிச் சில தடவைகள் லீவரால் எடுங்கள்.

ராத்திரி முழுக்க லீவரைக் கட்டிவைத்தால் காற்று போய்விடுமா?

மிச்சம் மீதி இருக்கும் பொடிக் குமிழிகளுக்கு உதவும். அழுத்தத்தில் குமிழி சுருங்கி, ஒட்டிய இடத்தை விட்டுவிடும், கொஞ்சம் ஆயிலிலேயே கரையும். காலையில் கட்டை அவிழ்த்ததும் மேலே வரும். ஆனால் முறையாக ஏர் எடுப்பதற்கு அது மாற்று அல்ல. லீவர் கெட்டியாகிவிட்டது என்று அப்படியே ஓட்டினால், உள்ளே இருப்பது அதே பழைய ஆயில்தான்.

பின் பிரேக்குக்கு வேறு முறையா?

முறை ஒன்றே. காலிப்பர் பொருத்தியிருக்கும் கோணத்தில் நிப்பிள் உச்சியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் காலிப்பரைக் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி பிடித்து, பேட்களுக்கு நடுவில் டிஸ்க் பருமனுக்கு ஒரு தகட்டைச் செருகிவிட்டு எடுங்கள். தகடு வைக்காமல் மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

ஏ.பி.எஸ். வண்டியில் வீட்டில் செய்யலாமா?

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால் இப்போது இது எல்லோருக்குமான கேள்வி. கப் காலியாகாமல் ஆயிலை மட்டும் மாற்றுவதாக இருந்தால் மேலே சொன்ன முறையே போதும். ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், அதன் வால்வையும் பம்ப்பையும் இயக்கும் கருவி தேவைப்படலாம். அப்போது கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோங்கள்.

அளவு குறைந்திருக்கிறது. ஊற்றி நிரப்பலாமா?

முதலில் பேட்டைப் பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், கப்பில் அளவு இறங்கும். அது இயல்பு. அதை நிரப்பிவிட்டு, பிறகு புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஆயில் வழிந்து டேங்க்கில் கொட்டும். பேட் புதிதாக இருந்தும் அளவு குறைகிறது என்றால் ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும்.

தவறி இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டார்கள்!

லீவரை அழுத்தாதீர்கள், வண்டியை எடுக்காதீர்கள். பிரேக்கின் ரப்பருக்கு பெட்ரோலியப் பொருள் எதுவும் ஆகாது. ஊறி உப்பி, பிரேக் பிடித்தபடியே இறுகிவிடும் அல்லது ஒழுகும். உள்ளே பரவியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் இரண்டின் ரப்பரையும், ஓஸையும் மாற்றத்தான் வேண்டும். காலிப்பரின் உள்பாகங்களை பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் கழுவுவதும் இதே கேட்டைத்தான் தரும். பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள்.

ஏர் எடுத்தபின் சக்கரம் சுற்றவில்லை, பிரேக் விடமாட்டேன் என்கிறது.

கப்பின் அடியில் இருக்கும் அந்த ஊசி முனைத் துளை அழுக்கால் அடைத்திருக்கலாம். ஆயில் திரும்பி மேலே வரும் வழி அது. அடைத்தால் ஓட ஓட ஆயில் சூட்டில் விரிந்து பேட்டை மேலும் மேலும் இறுக்கும். நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே தேங்கியிருக்கிறது, முதலில் அந்தத் துளையை மெல்லிய கம்பி இழையால் சுத்தம் செய்து பாருங்கள். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோ துருவில் மாட்டியிருக்கிறது.

முடித்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

லீவரை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, நிப்பிளையும் ஓஸ் மூட்டுகளையும் வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். டிஸ்க்கிலோ பேட்டிலோ ஆயில் பட்டிருந்தால் டிஸ்க்கை பிரேக் க்ளீனரால் துடையுங்கள், ஊறிய பேட்டை மாற்றிவிடுங்கள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள். அதன் பின் ஆளில்லாத தெருவில் நடை வேகத்தில் ஓட்டி நாலைந்து தடவை நிறுத்துங்கள். லீவரைப் பிடிக்கும் தூரம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால் மெயின் ரோட்டுக்குப் போகலாம்.

வெளியே எடுத்த ஆயிலைத் திரும்ப ஊற்றவோ சாக்கடையில் கொட்டவோ வேண்டாம். மூடி போட்ட பாட்டிலில், என்னவென்று எழுதி, கழிவு ஆயில் வாங்கும் பட்டறையில் தனியாகக் கொடுங்கள். கப் மூடியின் உள்பக்கத்தில் தேதியைக் குறிக்க இடமிருக்காது. நான் ஒரு துண்டு டேப்பில் மாதமும் வருடமும் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவைக்கிறேன்.